ஒரு மாவட்டத்தில் ஒரு தொழிலில் வேலைகள் வேகமாகக் கூடுவது ஏன்?

பல நேரம் அதற்கு மாவட்டம் மட்டுமே காரணம் அல்ல. அதைப் பிரித்துக் காட்டத்தான் ஷிஃப்ட்-ஷேர் என்ற கணக்கு இருக்கிறது.

ஒரு மாவட்டத்தில் மருத்துவத் துறை வேலைகள் 9% கூடியதாக வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் மொத்த வேலை வளர்ச்சி 3%, மாநில அளவில் மருத்துவத் துறை வளர்ச்சி 7%. அப்படியென்றால் 3 புள்ளி பொது வளர்ச்சி, 4 அந்தத் துறையின் வேகம். மிச்சம் 2 மட்டுமே மாவட்டத்துக்கே உரியது. திறமையான ஆட்கள், சாலை வசதி, நில விலை, ஒரே தொழில் நிறுவனங்கள் அருகருகே இருப்பது என்று காரணம் தேட வேண்டியது அந்த 2-க்குத்தான்.

அப்புறம், சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். 200 பேர் இருந்த இடத்தில் 100 பேர் சேர்ந்தால் 50%. 20,000 பேர் இருந்த இடத்தில் 1,000 பேர் சேர்ந்தால் 5%தான். ஆனால் வேலை கிடைத்தவர்கள் பத்து மடங்கு!