"சும்மாதான் இருந்தேன்" என்று சொல்ல விடாதீர்கள்

கேள்வி: முக்கூடலில் மாலை வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். பீடி சுற்றிக்கொண்டே தனித்தேர்வராகப் பத்தாவது முடித்தவர்கள், சிலர் பிளஸ் டூ. அடுத்த மாதம் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறார்கள். நான் கேட்டால் பதில் சொல்கிறார்கள், வெளியாள் கேட்டால் வாயே திறப்பதில்லை. ஆங்கிலத்தில் சுய அறிமுகம் மனப்பாடம் செய்ய வைக்கலாமா? ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டினால் பயிற்சியும் வேலையும் உறுதி என்கிறது ஒரு கன்சல்டன்சி. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமுக்குக் கட்டணமே கிடையாது. வேலை கொடுக்கிறவன் சம்பளம் தருவான், வேலை கேட்கிறவளிடம் வாங்க மாட்டான். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், ஆஃபர் லெட்டர் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. போனில் பேசிப் பணத்தைப் பறித்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மனப்பாடமும் வேண்டாம். மூன்றாவது வரியில் தடுக்கினால் மொத்தமும் போய்விடும். பேக்கிங், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கெல்லாம் தமிழில்தான் கேட்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "இதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" என்றதும் "சும்மா வீட்லதான் சார் இருந்தேன்" என்று வந்துவிடும். தினம் ஆயிரம் பீடி சுற்றுகிறவள் சொல்லும் பதில் இது! அதனால் ஒத்திகையின் முதல் நாள் கேள்வி பதிலே வேண்டாம். இலையை நனைப்பதில் ஆரம்பித்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கடையில் கொடுத்துக் கணக்கு முடிப்பது வரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதை யாராவது போனில் பதிவு செய்யட்டும். அப்புறம் அதிலிருந்து மூன்று வரி எடுங்கள்: "தினம் ஆயிரம் பீடி சுத்துதேன் சார். கடையில கழிக்கிறது ரொம்பக் கம்மி. கணக்கெல்லாம் நானே பாத்துக்கிடுவேன்." எண்ணிக்கை, தரம், கணக்கு மூன்றும் இதில் வந்துவிட்டன. ஒரு சூப்பர்வைசருக்கு வேறென்ன வேண்டும்?

உங்களிடம் பேசி உங்களிடம் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், போஸ்ட் ஆபீஸ்காரர், பக்கத்து ஊர் வி.ஏ.ஓ. என்று அவர்களுக்கு முகம் தெரியாத ஆளாகப் பிடித்து உட்கார வையுங்கள். கதவைத் தட்டி உள்ளே வருவதிலிருந்து நடக்கட்டும். கேட்பவர் கொஞ்சம் முகத்தைச் சுளிக்கட்டும், நடுவில் போன் பேசட்டும். அங்கே அப்படித்தான் நடக்கும்.

"ஷிப்ட் பார்ப்பீங்களா, வீட்ல விடுவாங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இதற்குப் பதில் வகுப்பில் தயாராகாது, வீட்டில்தான் தயாராக வேண்டும். முக்கூடலிலிருந்து திருநெல்வேலி போய், அங்கிருந்து கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேறு பஸ். காலை ஷிப்டுக்கு அது எடுபடாது. கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வரும் என்று அவர்களே திருப்பிக் கேட்கட்டும். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போகும் முன் வயது வரம்பை விசாரித்துவிடுங்கள். நாற்பது வயதில் படி படி என்று ஊரே ஊக்குவிக்கும், படித்துவிட்டு வந்தால் வயசாகிவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லி மதியம் வரை உட்கார வைத்துவிட்டு இதைச் சொல்வார்கள். விண்ணப்பப் படிவம் வேறு ஆங்கிலத்தில்!

அரசு வேலைக்கும் "இன்டர்வியூவில் மார்க் போடச் சொல்கிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். குரூப் 4 தேர்வில் இன்டர்வியூவே கிடையாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரியிலிருந்து கிடையாது. இல்லாத இன்டர்வியூவுக்கு என்ன சிபாரிசு? விலக்கு ஒன்று உண்டு, அதை நன்றாக மனதில் வையுங்கள்: ரேஷன் கடை. விற்பனையாளருக்குப் பிளஸ் டூ, கட்டுநருக்கு (சாமான் எடை போட்டுக் கட்டுபவர்) பத்தாவது, இரண்டுக்கும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நேர்முகத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறது. உங்கள் பெண்களின் படிப்பு இதற்குச் சரியாகப் பொருந்துவதால் புரோக்கர் இவர்களைத்தான் தேடி வருவான். பத்துப் பேரிடம் வாங்குவான். அதில் இரண்டு பேருக்குத் தானாகவே கிடைக்கும், அது தன்னால்தான் என்பான். மீதிப் பேர் பணத்துக்காக அலைய வேண்டும். அறிவிப்பு வந்தால் நேரே விண்ணப்பியுங்கள், இதே ஒத்திகை அதற்கும் போதும்.

இன்னொன்று. பீடிக் கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்தால் அந்த யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இத்தனை வருடம் வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி. புது வேலையிலும் அதே எண்ணைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் சேர்ந்துகொள்ளும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், பென்ஷன் பணத்தை முன்னாலேயே எடுத்துவிட்டால் பழைய சர்வீஸ் கணக்கில் வராது என்பதால், "அந்தப் பணத்தை எடுத்துத் தருகிறேன்" என்று கமிஷன் கேட்டு வருகிறவனிடம் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம்.