ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

கேள்வி: என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் படகேறும் நாள்களில் எனக்கு வயிறு இழுத்துப் பிடித்து, அவர் கரை திரும்பும்வரை நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு ஆகிறது. மூன்று ஆண்டுகளாக இதே நிலை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்” என்று அனுப்பிவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் நன்றாக இருக்கிறேன். இது நோயா, என் கற்பனையா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, உங்கள் வலி கற்பனையன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்கும் 61 நாள்களிலும் உங்களுக்கு அதே குடல், அதே அடுப்படிதான். கணவர் கடலில் இல்லை என்பது மட்டுமே மாற்றம். நோயின் முக்கியத் தடயத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

குடற்சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்பவை. அச்சம் வரும்போது பெருங்குடல் வேகமாகச் சுருங்குகிறது. அச்சம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குடல் நரம்புகள் கூருணர்வு பெற்று, பிறர் உணராத வாயு அசைவும் உங்களுக்கு வலியாகிறது. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டுமே தவிர, இந்தக் கூருணர்வைக் காட்டாது. வயிற்றில் குண்டடிபட்டு, ஆறாத துளையுடன் வாழ்ந்த ஒருவரின் இரைப்பையை நேரில் கண்ட அமெரிக்க மருத்துவர் வில்லியம் போமாண்ட், அச்சமும் கோபமும் அதன் உட்சுவரைச் சிவந்து வறளச் செய்வதை 1833-லேயே எழுதிவைத்தார்.

உங்களுக்கு இருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) எனப்படும் குடல் கோளாறாக இருக்கக்கூடும். குடல் மருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையைச் சிறிய அளவில் எழுதிக்கொடுத்தால், யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். அது குடல் நரம்புகளின் வலியுணர்வைத் தணிப்பதற்காகவே தரப்படுகிறது. அச்ச எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சையும் இந்நோயில் நன்கு பயன்படுகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 விழுக்காடு குடலில் உருவாகிறது என்பதைக் காட்டி, கவலையைப் போக்கும் என்று பாக்டீரியா மாத்திரைகளை விற்கிறார்கள். அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை என்பதால், அவற்றை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மீண்டும் பரிசோதிக்க வேண்டும். கவலை தாங்க முடியாத இரவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கணவர் கடலுக்குப் போன நாள்களையும் வலி வந்த நாள்களையும் காலண்டர் தாளில் குறித்து, அந்தத் தாளை முதலில் அவரிடம் கொடுங்கள்.