கடலைப் படிக்கக் கடல் தாண்ட வேணுமோ?

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆவணியில் பிரான்ஸின் வடமேற்குக் கரையில் நடக்கும் மூன்று கிழமைக் கடல் உயிரியல் களப்பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கிறேன். பல நாட்டு மாணவர்கள் வருகிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமானச் செலவில் பாதியும் தருகிறார்கள். அப்பா கடற்தொழில் செய்பவர். "கடலைப் படிக்கக் கடல் தாண்டிப் போக வேணுமோ? வாசலிலதானே கிடக்குது" என்கிறார். அம்மாவுக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். எனக்கு வேறொரு பயம். எனக்கு நீந்தத் தெரியாது. விண்ணப்பத்தில் நீச்சல் தெரியுமா என்று கேட்ட இடத்தில் 'ஓரளவு' என்று எழுதிவிட்டேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், நிலாவெளி

பதில்: அன்புத் தங்கச்சி,

முதலில் அந்த 'ஓரளவு'. இன்றைக்கே அவர்களுக்கு எழுதுங்கள்: "எனக்கு நீந்தத் தெரியாது, இப்போதுதான் பழகத் தொடங்குகிறேன், ஆவணிக்குள் எவ்வளவு பழகினேன் என்று அறிவிக்கிறேன்." இவ்வளவு போதும், நீண்ட மன்னிப்புக் கடிதம் தேவையில்லை. யாரை எந்தப் படகில் ஏற்றுவது, யாரோடு யாரைச் சோடி சேர்ப்பது என்று அந்தப் படிவத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். தண்ணீருக்குள் உங்களுக்குச் சோடியாக வருகிற பிள்ளை உங்களை நம்பித்தான் இறங்கும். இதற்காக உங்களைத் தள்ளிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. இப்படியான பயிற்சிகளில் கரையிலும் ஆய்வுகூடத்திலும் செய்யும் வேலையே ஏராளம். கடற்தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாதா என்று யாராவது கேட்டால் அதற்கும் கூச்சப்பட வேண்டாம். நம் கரையோர ஊர்களில் பொடியன்களைக் கடலில் இறங்க விட்ட அளவுக்குப் பெட்டைகளை விடவில்லை. அது உங்கள் குறை இல்லை.

அப்புறம், நீச்சல் பழகுங்கள். வாடைக்காற்று ஓய்ந்து, சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம். விடிகாலையில், அப்பா கரையில் நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடுவதும் மல்லாந்து மிதப்பதும் வந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். வேகமாக நீந்தச் சொல்லி அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. பதறாமல் மிதக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நீச்சல் தெரிந்த பெண் ஒருவர் சொல்லித்தரக் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியாக மட்டும் இறங்காதீர்கள். கை கால் பழகிய பிறகு, துணையோடும் மிதவை அங்கியோடும் ஒருநாள் புறாத்தீவுக்குப் போய் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டுப் பாருங்கள். முருகைக்கல்லில் கால் வைக்காமல் மிதக்கக் கற்றால் அதுவே பெரிய தகுதி.

இனி அப்பாவின் கேள்வி. அது நியாயமான கேள்வி, சிரித்துக் கடந்துவிடாதீர்கள். கீரிமீன் எப்போது கரைக்கு வரும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்று அவருக்குத் தெரிந்ததை அங்கே உங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது. ஆனால் அவருக்கு நீங்கள் காட்டக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. நீங்கள் போகும் கரையில் ரொஸ்கொஃப் என்று ஒரு ஊர் உண்டு, 1872இலிருந்து அங்கே கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் பறுவம், அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் 9 மீற்றர் வரை ஏறி இறங்கும். படகு மிதந்த இடத்தில் ஆறு மணித்தியாலம் கழித்துச் சப்பாத்தோடு நடக்கலாம். வெயிலில் காய்வதைத் தாங்கும் உயிர்கள் மேலே, தாங்காதவை கீழே என்று பாறை முழுக்க வரிசை வரிசையாகப் பிரிந்து கிடக்கும். நம் கடலில் அந்த வரிசை ஒரு சாணுக்குள் நெருங்கிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. அங்கே பார்த்துவிட்டு வந்தால் உப்புவெளிப் பாறையிலும் அதைக் கண்டுபிடிப்பீர்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 9 மீற்றர் என்றால் அவர் நம்பமாட்டார், ஆனால் கட்டாயம் மேலும் கேட்பார்.

போவதற்கு இரண்டாவது காரணம், எண்ணுவது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவ உட்படத் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தன. திருகோணமலைப் பக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் தப்பின. இது நமக்குத் தெரிவது, அதற்கு முன்னும் பின்னும் இறங்கி அளந்து எழுதிவைத்தவர்கள் இருந்ததால். 1980களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்க்கப்பலில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து நம் துறைமுகத்துக்கு வெளியே நீலத் திமிங்கலங்களைப் பதிவுசெய்தார்கள். கோணேசர் மலையில் நின்றாலே சில நாட்களில் அவை மூச்சு விடுவது தெரியும், நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டதுதான். கண்டது வேறு, இந்த நாளில் இந்த இடத்தில் இத்தனை என்று எழுதிவைத்தது வேறு. இதை மனம் நொந்துதான் எழுதுகிறேன். நம் கடலைப் பற்றிய கணக்கு நம் பிள்ளைகளின் கையெழுத்திலும் இருக்க வேண்டும். நீங்கள் போவதற்கு எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய காரணம் இதுதான்.

அந்த எண்ணும் வேலையை இப்போதே வீட்டில் தொடங்கலாம். அரை மீற்றர் நீளத்தில் நான்கு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் நான்கு எல்போவும் வாங்கிச் சதுரமாகப் பொருத்துங்கள். குழாயில் அங்கங்கே துளை போட்டால் தண்ணீர் புகுந்து தாழும், இல்லாவிட்டால் மிதந்து கரைச்சல் தரும். பிறகு பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நெடுக்கும் குறுக்கும் நைலோன் நூல் கட்டுங்கள். 25 சின்னக் கட்டங்கள் வரும், ஒரு கட்டம் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு நான்கு. பாறையில் வைத்துப் பாசி எத்தனை கட்டம், சிப்பி எத்தனை, வெறும் கல் எத்தனை என்று எழுதுங்கள். எழுத ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைச் சாண்ட் பேப்பரால் உரசிக்கொண்டால் போதும், பென்சில் தண்ணீருக்குள்ளும் எழுதும். நூல் கட்டும் வேலையை அப்பாவிடம் கொடுங்கள். வலை பொத்திய கைக்கு அது ஐந்து நிமிட வேலை, அவரும் இந்தப் பயணத்துக்குள் வந்துவிடுவார்.

அம்மாவுக்கு: அந்தக் கடல் ஆவணியிலும் குளிர்தான், 16 பாகை செல்சியஸ் அளவுதான் இருக்கும். அதனால் தண்ணீருக்குள் இறங்கும் எல்லோரும் வெட்சூட் என்ற தடித்த ரப்பர் உடை போடுவார்கள், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். நீச்சலுடையில் நிற்க வேண்டிவருமோ என்ற கவலை அவருக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு மாதவிலக்கு நாட்களில் இறங்க விருப்பமில்லை என்றால் அன்றைக்குக் கரை வேலை கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அறையில் யாரோடு தங்குகிறீர்கள், இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே எழுதிக் கேட்டு, பதிலை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி, மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் படிவத்தில் போடுங்கள். ஊர்வாயைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. அது நீங்கள் வளாகத்துக்குப் போனபோதும் பேசியிருக்கும்.

விசாவை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சிலவேளை 45 நாள்வரை இழுக்கும். விரல் அடையாளம் கொடுக்க நேரில் போக வேண்டும், இரவு ரயிலில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் வாருங்கள். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கல்விப் பயிற்சிக்காகப் போகும் மாணவர்களுக்கு விசாக் கட்டண விலக்கு உண்டு, பலர் கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் வளாகக் கடிதத்தையும் அழைப்புக் கடிதத்தையும் காட்டிக் கேளுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் தங்கள் பொறுப்பு என்று அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்பாவின் வங்கிக் கணக்கு மெலிந்திருந்தாலும் அது கைகொடுக்கும். யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். திடீரென்று வந்த பணம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி வையுங்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே வரும் பலருக்கும் அது இரண்டாம் மொழி. மெதுவாகப் பேசுங்கள். மீனவர்கள்தான் கடலை அழிக்கிறார்கள் என்று யாராவது ஒரே வரியில் சொல்லி முடித்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். டைனமைட் போடுகிறவரும் இருக்கிறார், அதனால் பிழைப்புக் கெட்டவரும் இருக்கிறார் என்று சொல்ல அந்த அறையில் உங்களைவிடத் தகுதியானவர் இருக்கமாட்டார்.

பெட்டி கட்டும்போது ஒரு கவனம். அன்பளிப்பு என்று காய்ந்த முருகைக்கல்லோ கடற்குதிரையோ எடுத்துப் போகவே கூடாது. இரண்டும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ளவை, விமான நிலையத்தில் பிடித்தால் பயிற்சிக்குப் போகும் கடல் உயிரியல் மாணவி என்பது உங்களைக் காப்பாற்றாது. சங்கும் சிப்பியும்கூட வேண்டாம். திரும்பி வரும்போதும் அப்படித்தான், அங்கே எடுத்த மாதிரிகள் அனுமதிக் கடிதம் இல்லாமல் உங்கள் பையில் இருக்கக்கூடாது. அன்பளிப்புக்குத் தேயிலை கொண்டுபோங்கள்.