தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்க வேண்டும். விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா?

காத்திருந்து பெரிய லாபம் இருக்காது. பட்டு உற்பத்தியில் சீனா முதலிடம், நாம் இரண்டாவது. விளைவதில் பெரும்பகுதியை நாமே உடுத்தித் தீர்க்கிறோம். போதாமல் சீன நூலும் வாங்குகிறோம். அங்கே நூல் விலை ஏறினாலோ, கர்நாடகாவின் ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் ஏலம் சூடானாலோ, காஞ்சிபுரம் தறிக்காரர் கையைக் கடிக்கும்.

சரி, நூலை விடுங்கள். கல்யாணப் புடவையின் விலையைத் தூக்கிவிடுவது ஜரிகைதான். அசல் ஜரிகை என்பது பட்டு இழையில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. தங்கமும் வெள்ளியும் இறங்காமல் அது எப்படி இறங்கும்? பட்ஜெட் இடித்தால் கரையைச் சின்னதாக எடுங்கள். அப்புறம், சில்க் மார்க் முத்திரை பட்டுக்கு மட்டுமே உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. அதைத் தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.