பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டது, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் புற்றுநோய். ஆரம்பத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 32, கிளீசன் (திசுப் பரிசோதனையில் புற்றுநோயின் வீரியத்துக்குத் தரும் மதிப்பெண்) 8, வேறெங்கும் பரவவில்லை. கதிர்வீச்சு முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கொரு ஹார்மோன் ஊசியில் இரண்டு போட்டாயிற்று. இப்போது பி.எஸ்.ஏ. 0.1. டாக்டர் இரண்டு வருடம் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். நாங்களும் நிறுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். இந்த ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை வற்றவைக்கிறது. அது வற்றினால் பி.எஸ்.ஏ.வும் கூடவே வற்றும். அந்த 0.1இல் ஊசியின் பங்கு பெரிது. நோய் ஒழிந்ததற்கு அது சான்றாகாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் திரும்பும் அபாயம் நடுத்தரமாக இருந்திருக்கலாம். அதற்கு நான்கிலிருந்து ஆறு மாதம் போதும். பி.எஸ்.ஏ. 20ஐத் தாண்டினாலோ கிளீசன் 8ஐத் தொட்டாலோ அதிக அபாயம். அப்பாவுக்கு இரண்டும் இருக்கின்றன.

ஆறு மாதம் ஏன் போதாது? 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கதிர்வீச்சோடு ஆறு மாதம் ஊசி போட்டவர்களில் ஐந்தாண்டுக்குள் 19 சதவீதம் பேர் இறந்தார்கள். மூன்று வருடம் போட்டவர்களில் 15.2 சதவீதம். சரி, மூன்று வருடம் கட்டாயமா? கனடாவின் கியூபெக்கில் 630 பேரிடம் 18 மாதத்தையும் 36 மாதத்தையும் ஒப்பிட்டார்கள். பத்தாண்டுக்குப் பிறகு இரு தரப்பிலும் சுமார் 62 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். ஆனால் 36 மாதக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முழுதாக முடிக்கவேயில்லை. ஆகவே இரண்டும் சமம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் டாக்டரின் இரண்டு வருடம் நியாயமான கணக்கு. இதய நோயோ தாங்கமுடியாத சோர்வோ இருந்தால் 18 மாதத்தில் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் பேசிப் பாருங்கள். நிணநீர்க் கணுவில் நோய் இருப்பவர்களின் கதை வேறு: மூன்று வருட ஊசியோடு ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையும் இரண்டு வருடம் சேரும்.

கல்யாணம், திருவிழா என்று ஊசித் தேதியைத் தள்ளாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் மறுபடி தலைதூக்கும். அது ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். இந்த ஊசியால் எலும்பு தேயும் என்பதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். ஒரு நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 350 கிடைக்கும். நடை மட்டும் தசையைக் காக்காது, எடை தூக்கும் பயிற்சியும் தேவை. சர்க்கரையையும் கவனியுங்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகும் டெஸ்டோஸ்டிரோன் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும், சிலருக்குத் திரும்புவதேயில்லை. திரும்பும்போது பி.எஸ்.ஏ. சற்றே ஏறினால் பதற வேண்டாம். தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு.