என் நோயைப் பற்றி மேலாளர் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் இது ஹிப்பா மீறல் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. 1996-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமான ஹிப்பா (HIPAA), மருத்துவத் தகவல் எவர் கையில் இருந்தாலும் அதைக் காக்கும் என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் அந்தத் தகவல் யாரிடம், எந்தப் பொறுப்பின் பேரில் இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையில் இருப்பதால் இதை அன்றாடம் காண்கிறேன்.

மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும், கிளெய்ம்களை (காப்பீட்டுப் பணம் கேட்கும் கோரிக்கைகளை) உரிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும் கிளியரிங்ஹவுஸ்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சிகிச்சை அளிப்போர் விஷயத்தில்தான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவராக இருந்தால் மட்டும் போதாது. கிளெய்ம் அனுப்புவது, நோயாளியின் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று விசாரிப்பது போன்றவற்றை மின்னணு முறையில் செய்பவராகவும் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாமல் நோயாளியிடமே கட்டணம் வாங்கும் மனநல ஆலோசகர் இதற்குள் வராமலே போகலாம். அதற்குள் வந்துவிட்டவருக்கோ அலமாரியில் உள்ள காகிதக் கோப்புகளும் சேர்த்தே கணக்கு.

மருத்துவமனைகளின் சார்பில் நோயாளித் தகவலைக் கையாளும் எங்களைப் போன்ற பில்லிங் நிறுவனங்களுக்குச் சட்டம் தரும் பெயர் 'பிசினஸ் அசோசியேட்'. முன்பு ஒப்பந்தத்தின் வழியாக மட்டுமே கட்டுப்பட்டிருந்த இந்நிறுவனங்கள், 2009-இன் ஹைடெக் (HITECH) என்ற மருத்துவத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கும் 2013-இன் விதிகளுக்கும் பிறகு அரசுக்கு நேரடியாகவே பதில் சொல்ல வேண்டியவை. துணை ஒப்பந்ததாரர்களும் அப்படியே. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய்க் குறியீடு மூன்றும் ஒரே திரையில் தெரிகிற எங்கள் மேசைகளுக்கு இத்தனை கெடுபிடி அதனால்தான்.

வேலை தருபவர் என்ற முறையில் உங்கள் நிறுவனம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் இல்லை. ஆனால் மேலாளருக்கு அந்தத் தகவல் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து கசிந்திருந்தால் கதையே வேறு: திட்டம் ஹிப்பாவுக்குக் கட்டுப்பட்டது (நிறுவனமே நிர்வகிக்கும், 50 பேருக்கும் குறைவான திட்டங்களுக்கு மட்டும் விலக்கு). அப்போது, விஷயம் தெரிந்த 180 நாட்களுக்குள் அமெரிக்க சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். ஹிப்பாவின் பேரில் நீங்களே வழக்குத் தொடர முடியாது.

விடுப்புக்காகக் கொடுத்த மருத்துவச் சான்றிதழிலிருந்து அவருக்குத் தெரிந்திருந்தால், குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டமும் ஊனமுற்ற அமெரிக்கர்களுக்கான சட்டமும் வற்புறுத்தும் ரகசியக் காப்பு உங்களுக்குத் துணை நிற்கலாம். நீங்களாகவே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் அந்த வழியும் மிகவும் குறுகிவிடும். ஆகவே வழக்கறிஞரைப் பார்க்கும் முன், தகவல் அவரை எப்படி எட்டியது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.