தஞ்சையில் திருத்த என்ன மிச்சமிருந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெற்ற மகன் இல்லாமல் ராஜா இறந்தால் தத்துப்பிள்ளைக்குப் பட்டம் இல்லை, நாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கே என்ற வாரிசு இழப்புக் கொள்கையைக் காட்டி கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி நாடுகளைப் பறித்தது உண்மைதான். ஆனால் ரயிலும் தந்தியும் அரையணாத் தபாலும் வந்தது அவர் காலத்தில்தானே? ராஜாக்களிடம் குடிகள் பட்ட பாடு கொஞ்சமா? நாடுகளைச் சேர்த்துக்கொண்டதையும் சீர்திருத்தமாக ஏன் பார்க்கக் கூடாது?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

நீங்கள் காவிரிக்கரைக்காரர். அதனால் உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

1799 ஒப்பந்தத்தில் தஞ்சை மராட்டிய ராஜா சரபோஜி தன் நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு, தஞ்சைக் கோட்டை. அவ்வளவுதான். அதற்கப்புறம் வரி வசூல், போலீஸ், கோர்ட்டு எல்லாம் கலெக்டர் கையில். குடிகளை வருத்தவோ வாழவைக்கவோ ராஜாவிடம் அதிகாரமே இல்லை.

அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் இறந்தார். மகன் இல்லை, இரண்டு மகள்கள் இருந்தார்கள். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்று சொல்லி, 1856-இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் அரசையே முடித்துவைத்தார்கள். நாடு 56 வருடமாக அவர்களிடமே இருந்தது. பிறகு எதைத் திருத்துவதற்காக இது?

1856 அக்டோபரில் கம்பெனி அதிகாரி ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்தார். நகை, பணம், ராஜாவின் சொந்தச் சொத்து எல்லாவற்றையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். கணவரை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத ராணிகள் உள்ளே இருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அரசாங்கம் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859 தீர்ப்பை அவசியம் படியுங்கள். தஞ்சை அரசையோ ராஜாவின் சொத்தையோ எடுத்துக்கொள்ளக் கம்பெனிக்குச் சட்டப்படி உரிமை இருந்ததாகக் காண்பது மிகக் கடினம் என்று நீதிபதிகளே எழுதினார்கள். எழுதிவிட்டு, இது ஓர் அரசு தன் இறையாண்மையால் செய்த செயல், கோர்ட்டு இதை விசாரிக்க முடியாது என்று ராணியின் வழக்கைத் தள்ளினார்கள். அநியாயம் என்று தெரிந்தும் கைவிரித்த தீர்ப்பு இது.

கொடுங்கோலே எங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மைசூரில் நகர் பகுதிக் குடியானவர்கள் வரிச்சுமை தாங்காமல் கிளர்ந்தெழுந்தார்கள். 1831-இல் ஆங்கிலேயர் அங்கே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சீர்திருத்தம் என்று நீங்கள் வாதிட்டால் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் அந்த மைசூரை 1881-இல் தத்துப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஜான்சியின் தத்துப்பிள்ளைக்கு ஏன் அது கிடைக்கவில்லை? நடுவில் 1857 சிப்பாய்க் கிளர்ச்சி வந்துபோனது, பயம் வந்தது. மறு வருடமே விக்டோரியா ராணியின் பிரகடனம் இனி நாடு பிடிக்க மாட்டோம் என்றது. அப்புறம் வைஸ்ராய் கானிங் ராஜாக்களுக்குத் தத்தெடுக்கும் உரிமையை உறுதிசெய்யும் சனதுகள், அதாவது அரசுப் பத்திரங்கள், கொடுத்தார்.

ரயிலும் தபாலும் வந்தது உண்மை. அதற்கு ஒரு விதவையின் நகைப்பெட்டியில் முத்திரை வைத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை தஞ்சை அரண்மனைக்குப் போனால், கைகூப்பி நிற்கும் சரபோஜியின் வெள்ளைச் சலவைக்கல் சிலைக்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். அவர் மருமகள்களுக்குச் சொந்தச் சொத்து 1862-இல் திரும்பக் கிடைத்தது. அதையும் உரிமை என்று ஒப்புக்கொள்ளவில்லை, அரசாங்கத்தின் கருணை என்றே கொடுத்தார்கள்.